அனிமேஷன் வேலை: கட்டுபடியாகும் விலை எது?

தனியாளாக இருந்து கணினி அனிமேஷன் செய்து கொடுப்பவரின் கூலி மூன்று விதமாகப் பேசப்படுகிறது. வினாடிக்கு இவ்வளவு என்பது ஒன்று. முழு வேலைக்கும் மொத்தமாக இவ்வளவு என்பது இரண்டாவது. மணிக்கோ நாளுக்கோ இவ்வளவு என்பது மூன்றாவது. வேலை கொடுப்பவருக்கு முதல் இரண்டும் வசதி; கொடுக்க வேண்டிய தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும். செய்பவரின் உழைப்பைச் சரியாக அளப்பது மூன்றாவதுதான். நியாய விலை என்பது மணிக்கணக்கில் போட்டுப் பார்த்து, மொத்தத் தொகையாகச் சொல்லப்படுவது. மொத்தத் தொகையை முதலில் ஒப்புக்கொண்டு, மணிக்கணக்கைப் பிறகு பார்ப்பவர் நட்டத்தில் முடிகிறார்.

சென்னையின் பெண்டாமீடியா கிராபிக்ஸ் 2000-ஆம் ஆண்டு ‘பாண்டவாஸ்’ என்ற முழுநீள அனிமேஷன் படத்தைத் தந்தது. 2014-இல் ‘கோச்சடையான்’ மோஷன் கேப்சர் முறையில் வந்தது. அவை ஸ்டூடியோவில் பலர் கூடிச் செய்த வேலைகள். புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி போன்ற ஊரில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து செய்பவருக்கு வரும் வேலை வேறு வகை. திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் அசையும் அழைப்பிதழ், ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் லோக்கல் கேபிள் விளம்பரம், பள்ளி ஆண்டு விழாவின் எல்இடி திரைக்கு முகப்பு, யூடியூப் சேனலுக்கு இன்ட்ரோ, குழந்தைப் பாட்டு, கட்டப்போகும் வீட்டைச் சுற்றிக்காட்டும் முப்பரிமாணக் காட்சி என அது விரியும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உறவினர் நிறைந்த பகுதி இது. நேரில் போய்ப் பத்திரிகை வைக்க முடியாத உறவுகளுக்கு அசையும் அழைப்பிதழே பத்திரிகை.

இந்த வேலைகளுக்குச் சந்தையில் எழுதப்பட்ட விலைப்பட்டியல் இல்லை. ஃப்ளெக்ஸ் அடிப்பவருக்குச் சதுர அடிக் கணக்கு உண்டு, போட்டோகிராபருக்கு நாள் கணக்கு உண்டு. அனிமேட்டரின் விலையை ‘போன தடவை அவர் எவ்வளவுக்குச் செய்தார்’ என்பதே தீர்மானிக்கிறது. அந்த ‘அவர்’ கணக்குப் போட்டுச் செய்தாரா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு வினாடிக்குள் இருப்பது

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடுகின்றன. இந்தியத் தொலைக்காட்சி முறையில் 25. எனவே 30 வினாடி கேபிள் விளம்பரம் என்பது 750 ஃபிரேம்கள். கையால் வரையும் இருபரிமாண முறையில் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது பழைய வழக்கம். அதனால் வினாடிக்கு 12 படம் அளவில் வேலை முடியும். எழுத்தும் லோகோவும் நகரும் மோஷன் கிராபிக்ஸில் வரைய வேண்டியது இன்னும் குறைவு. தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்துவிட்டால் நடுவில் இருப்பதை மென்பொருளே நிரப்பிவிடும். முப்பரிமாணத்தில் நிலைமை வேறு. உருவத்தைக் கட்டி, உள்ளே எலும்புக்கூடு போன்ற ரிக் பூட்டி, தோலும் துணியும் போர்த்தி, வெளிச்சம் வைத்த பிறகுதான் முதல் அசைவே தொடங்கும்.

ஆக, 30 வினாடி என்ற அளவு வேலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அது இரண்டு நாள் வேலையாகவும் இருக்கலாம், இரண்டு மாத வேலையாகவும் இருக்கலாம். ஒரு பாத்திரம் நின்றபடி பேசினால் ஒரு அளவு உழைப்பு. இரண்டு பேர் கைகோத்து நடந்தால் உழைப்பு இரண்டு மடங்குக்கு மேல் போகும். தண்ணீர், கூந்தல், பட்டுச்சேலையின் மடிப்பு, கூட்டம் ஆகிய நான்கும் நேரத்தை விழுங்குபவை.

வினாடிக் கணக்கில் மறைந்துபோகும் இன்னொன்று தொடக்கச் செலவு. பத்து வினாடிப் படமானாலும் பாத்திரத்தை ஒருமுறை வரைந்தே ஆக வேண்டும். பின்னணியை ஒருமுறை தீட்டியே ஆக வேண்டும். எனவே பத்து வினாடிப் படத்தின் விலை முப்பது வினாடிப் படத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்காக இருக்க முடியாது. அதே பாத்திரத்தை வைத்து அடுத்த படம் செய்யும்போது இந்தச் செலவு மிச்சமாகும். அந்த மிச்சத்தில் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியாகக் கொடுப்பது நியாயம்.

செய்த காட்சியைக் கணினி இறுதிப் படமாக்கும் ரெண்டர் நேரம் பலரும் தவறாகக் கணக்கிடும் இடம். முப்பரிமாணக் காட்சி ஒன்றில் ஒரு ஃபிரேமுக்கு 4 நிமிடம் பிடித்தால், 750 ஃபிரேமுக்கு 3,000 நிமிடம், அதாவது 50 மணி நேரம். கணினி 450 வாட் இழுத்தால் ஆகும் மின்சாரம் 22.5 யூனிட், சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். உண்மையான செலவு, அந்த இரண்டு நாளும் அந்தக் கணினியில் வேறு வேலை ஓடாது என்பது. நடுவில் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டால் மூன்றாவது நாளும் போகும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரம் திரும்பவே பல நாள் ஆனது. இத்தகைய ஆபத்தைத் தாங்கும் தொகையும் விலைக்குள் இருந்தாக வேண்டும்.

அடிமட்டக் கூலி: ஓர் ஆண்டுக் கணக்கு

எந்தத் தொகைக்குக் கீழே போனால் கைக்காசு கரையும் என்பதே அடிமட்டக் கூலி. இதைப் போட ஒரு வேலையின் கணக்கு போதாது; ஓர் ஆண்டின் கணக்கு வேண்டும். கீழே உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. ஒவ்வொருவரும் தன் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டுமென்றால் ஆண்டுக்கு 3,60,000. கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினியின் விலை 1,20,000 ரூபாய். நான்கு ஆண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 30,000. மின்சாரம் 12,000. இணையம் 12,000. யுபிஎஸ் பேட்டரி, ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கு 10,000. மென்பொருள் சந்தா 26,000. கணக்கர் கட்டணமும் சில்லறைச் செலவும் 10,000. தொழில் செலவு மட்டும் ஒரு லட்சம். மருத்துவக் காப்பீட்டுக்கும் முதுமைக்கான சேமிப்புக்கும் 60,000. மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கடைசி இனத்தில் ஒரு பங்கை நிறுவனம் கட்டும். தனியாளுக்கு அதைக் கட்ட வேறு ஆள் இல்லை. மொத்தம் 5,20,000 ரூபாய்.

அடுத்து நேரம். ஆண்டின் 365 நாளில் ஞாயிறு 52. பண்டிகை, நோய், நல்லது கெட்டது, மின்தடை என்று இன்னொரு 23. மிச்சம் 290 நாள். நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் காசு வருவது எட்டுக்கும் இல்லை. வாடிக்கையாளரிடம் பேசுவது, விலை சொல்லிவிட்டுக் காத்திருப்பது, கைவிட்டுப் போகும் வேலைக்கு மாதிரி செய்வது, புதிய மென்பொருள் கற்பது, பாக்கி கேட்டு நடப்பது எல்லாம் கூலியில்லா நேரம். ஆடியிலும் மார்கழியிலும் திருமண வேலை இராது. சராசரியாக நாளுக்கு நாலரை மணி நேரம் காசுக்கு விற்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மணி. 5,20,000-ஐ 1,300-ஆல் வகுத்தால் மணிக்கு 400 ரூபாய்.

இதே ஆள் ‘மாதம் 30,000 வந்தால் போதும், மாதம் 200 மணி நேரம் உழைக்கிறேன்’ என்று மனக்கணக்குப் போட்டால் வருவது மணிக்கு 150. 400-க்கும் 150-க்கும் நடுவில் இருக்கும் 250 ரூபாய் கணினித் தேய்மானத்திலும் காப்பீட்டிலும் கூலியில்லா நேரத்திலும் கரைந்துகொண்டிருப்பது. நான்காம் ஆண்டு கணினி நின்றுபோகும்போதுதான் அது கண்ணில் படும்.

400 என்பது அடிமட்டம். அதன்மேல் ஆபத்துக்கும் வளர்ச்சிக்கும் கால் பங்கு சேர்த்தால் மணிக்கு 500. இதுதான் வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலைக்கான அடிப்படை.

மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதால் விலையையும் குறைக்க வேண்டும் என்ற வாதம் அவ்வப்போது எழும். பிளெண்டர் 2002-இல், பொதுமக்களிடம் திரட்டிய ஒரு லட்சம் யூரோவைக் கொண்டு திறந்த மென்பொருளாக்கப்பட்டது. அதில் உருவான லாட்வியப் படமான ‘ஃப்ளோ’ 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. பிளெண்டரில் செய்பவருக்கு மேற்கண்ட கணக்கில் மென்பொருள் சந்தாவின் 26,000 குறையும். மணிக்கு 20 ரூபாய் இறங்கும். இலவச மென்பொருளால் கிடைக்கும் விலைக்குறைப்பு அவ்வளவே. மீதி எல்லாம் கையின் கூலி.

ஒரு விளம்பரம், வரி வரியாக

அறந்தாங்கிக் கடைவீதியில் உள்ள ஒரு ஜவுளிக்கடை தீபாவளிக்கு 30 வினாடி விளம்பரம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பம் கடைக்குள் வருகிறது, சேலை விரிகிறது, சிறுவன் புதுச் சட்டையில் குதிக்கிறான், கடைசியில் கடைப் பெயர். இருபரிமாணம், நான்கு பாத்திரங்கள், பின்னணிக் குரல்.

பேச்சும் எழுத்தும் 3 மணி நேரம். கதைப்பலகை 5. பாத்திரங்களும் பின்னணியும் வரைய 12. அசைவு கொடுக்க 20. குரலையும் இசையையும் பொருத்த 4. எல்லாவற்றையும் சேர்த்து ரெண்டர் செய்து பார்க்க 4. இரண்டு சுற்றுத் திருத்தம் 6. ஆக 54 மணி நேரம். மணிக்கு 500 வீதம் 27,000 ரூபாய். குரல் கொடுப்பவருக்கு 3,000, இசை உரிமத்துக்கு 1,500. மொத்தம் 31,500.

இதே வேலையை வினாடிக்கு 300 ரூபாய் என்று ஒப்புக்கொண்டால் வருவது 9,000. குரலுக்கும் இசைக்கும் 4,500 போனால் கையில் நிற்பது 4,500. 54 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 83 ரூபாய். அடிமட்டக் கூலியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

கடைக்காரரின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. ‘முப்பது செகண்டுக்கா முப்பதாயிரம்?’ என்று அவர் கேட்பது கஞ்சத்தனம் ஆகாது. அவருடைய தீபாவளி விளம்பரச் செலவே மொத்தம் 9,000-தான் என்றால், 31,500 அவருக்குக் கட்டாது. இங்கே பேரம் இரண்டு வழியில் போகலாம். முதல் வழியில் வேலை அப்படியே இருக்க, கூலி இறங்கும். இரண்டாவது வழியில் கூலி அப்படியே இருக்க, வேலையின் அளவு இறங்கும். மணிக்கு 500 வீதம் 9,000 ரூபாய் 18 மணி நேரத்தை வாங்கும். அந்த 18 மணி நேரத்தில் 15 வினாடி மோஷன் கிராபிக்ஸ் செய்யலாம்: கடையில் ஏற்கெனவே உள்ள சேலைப் புகைப்படங்கள், நகரும் எழுத்து, மின்னும் விளக்கு, லோகோ. பாத்திரம் இல்லை; கடைக்காரர் தானே குரல் கொடுக்கலாம்; இசையை உரிமம் இலவசமாகத் தரும் தொகுப்புகளிலிருந்து எடுக்கலாம். கடைக்காரருக்கு 9,000-க்கு உருப்படியான விளம்பரம் கிடைக்கும். அனிமேட்டருக்கு முழுக்கூலி கிடைக்கும்.

விலையைப் பிரித்துக் காட்டுவதன் பயன் இதுவே. ஒற்றைத் தொகையாகச் சொன்னால் பேரம் ஆளின் தகுதியைப் பற்றியதாகிவிடும்: ‘இன்னும் கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க.’ வரி வரியாகச் சொன்னால் எந்த வரியை எடுப்பது என்பதைப் பற்றியதாகும். மேலும் மூன்று விலை சொல்வது நல்ல பழக்கம்: சிறியது 9,000, நடுத்தரம் 18,000, முழுமையானது 31,500, ஒவ்வொன்றிலும் என்ன உண்டு, என்ன இல்லை என்ற குறிப்போடு.

அழைப்பிதழ் வேலைக்கு வேறு கணக்கு. அங்கே டெம்ப்ளேட்தான் முதல். ஒரு டெம்ப்ளேட் செய்ய 40 மணி நேரம் ஆனால் அதன் மதிப்பு 20,000 ரூபாய். இருபது குடும்பங்களுக்கு அது ஓடும் என்று கொண்டால் ஒரு குடும்பத்தின் பங்கு 1,000. பெயர், நாள், படம் மாற்றிக் கொடுக்க 2 மணி நேரத்துக்கு இன்னொரு 1,000. ஆக 2,000 ரூபாய் கட்டுபடியாகும் விலை. ‘எங்களுக்கு மட்டுமே புதிதாக வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது’ என்று கேட்பவர் அந்த 20,000-ஐ முழுதாகத் தருவதே முறை.

திருத்தமும் அட்வான்ஸும்

நட்டம் பெரும்பாலும் திருத்தத்தின் வழியாக வருகிறது. கதைப்பலகை நிலையில் சேலையின் நிறத்தை மாற்றுவது ஒரு நிமிட வேலை. ரெண்டர் முடிந்த பிறகு பச்சையை அரக்காக்கச் சொன்னால் அந்தக் காட்சி முழுதும் மறுபடி ஓட வேண்டும். எனவே ஒவ்வொரு நிலைக்கும் ஒப்புதல் வாங்கி முன்னேறுவது தொழில் ஒழுங்கு: எழுத்து, கதைப்பலகை, மாதிரிப் படம், குரலோடு ஓடும் வரைவு, இறுதிப் படம். ஒப்புதல் கொடுத்த நிலைக்குத் திரும்பிப் போனால் தனிக் கட்டணம். விலைக்குள் இரண்டு சுற்றுத் திருத்தம் அடக்கம். மூன்றாவது சுற்று மணிக்கணக்கில்.

பிழைக்கும் திருத்தத்துக்கும் வேறுபாடு உண்டு. அழைப்பிதழில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் வீட்டில் பெரிய சண்டை. வீட்டார் எழுதிக் கொடுத்த தாளில் அந்தப் பெயர் இருந்து அனிமேட்டர் விட்டிருந்தால் காசில்லாமல் சரிசெய்து கொடுப்பது அவர் கடமை. தாளிலேயே இல்லாமல் பின்னர் நினைவு வந்தால் அது வீட்டார் செலவு. அதற்காகத்தான் பெயர்ப் பட்டியலைத் தொலைபேசியில் சொல்லக் கேட்டு எழுதாமல், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்வது நல்லது.

பணம் மூன்று தவணையாக வருவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு: தொடங்கும்போது பாதி, குரலோடு ஓடும் வரைவை ஒப்புக்கொண்டதும் கால், இறுதிக் கோப்பைக் கொடுக்கும் முன் கால். அதுவரை வாட்டர்மார்க் போட்ட பிரதிதான் பார்வைக்குப் போகும். வேலை நடுவில் நின்றுபோனால் அதுவரை முடிந்த நிலைக்கான தொகை திரும்பத் தரப்படாது என்ற ஒரு வரியும் தேவை. இரண்டே நாளில் வேண்டும் என்ற அவசர வேலைக்குக் கூடுதல் கட்டணம் நியாயமானது. இரவு விழிப்பதோடு கையில் இருக்கும் மற்றொருவரின் வேலையும் அதற்காகத் தள்ளிப்போகிறது.

ஆடி மாதத்தில் அறந்தாங்கிக்குப் பக்கத்தில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரங்களில் மொய் விருந்து நடக்கும். வந்த மொய்யை ஒரு ரூபாய் விடாமல் நோட்டில் ஏற்றி, ஆண்டுகள் கழித்தும் அதைப் பார்த்துத் திருப்பிச் செய்யும் பகுதி இது. அனிமேஷன் வேலைக்கும் அப்படி ஒரு பக்கத் தாள் போதும்: என்ன வேலை, எத்தனை வினாடி, எத்தனை திருத்தம், எந்த நாள், எவ்வளவு, எந்தத் தவணை. வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்கினாலும் அது சான்றுதான்.

உரிமை யாருக்கு?

கேபிளில் ஒரு மாதம் ஓடும் விளம்பரமும், ஐந்து கிளைகளில் மூன்று ஆண்டு ஓடும் விளம்பரமும் ஒரே உழைப்பில் பிறந்திருக்கலாம். வாங்குபவருக்கு அவற்றின் பயன் ஒன்றல்ல. அதனால்தான் உலகெங்கும் படைப்பு வேலையின் விலையில் உழைப்புக்கு ஒரு பகுதியும், பயன்பாட்டுக்கு ஒரு பகுதியும் இருக்கின்றன.

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன திரைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. அசையும் படம் இதில் அடங்கும். எனவே முடிந்த விளம்பரம் கடைக்காரருடையது என்பதே பொதுவான நிலை. பாத்திர வடிவம், ரிக், மூலக் கோப்பு ஆகியவற்றின் நிலை அவ்வளவு தெளிவாக இல்லை. அங்கேதான் பின்னாளில் தகராறு வரும். ‘ஓப்பன் ஃபைலையும் கொடுத்துவிடுங்கள்’ என்பது சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி. கொடுத்தால் அடுத்த ஆண்டு வேறொருவர் அதில் கடைப்பெயரை மாற்றி விளம்பரம் முடித்துவிடுவார். எனவே மூலக் கோப்புக்குத் தனி விலை வைக்கலாம். கொடுப்பதில்லை என்றால் அதை முதல் நாளே எழுதிவிடுவது நல்லது.

அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுதும். உரிமையைக் கொடுத்த பின்னும், செய்தது தானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவின்படி படைத்தவரிடம் நிற்கும். செய்த வேலையைத் தன் மாதிரித் தொகுப்பில் காட்டிக்கொள்ளலாம் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டால் அடுத்த வேலைக்கு அது உதவும்.

மொத்த விலை வீழ்த்திய பெரியவர்கள்

விலையைத் தவறாகப் போட்டு விழுந்தவர்களில் சிறு ஊர்த் தனியாட்கள் மட்டும் இல்லை. புதுச்சேரியில் தொடங்கும் கதையான ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியை உருவாக்கிய லாஸ் ஏஞ்சலிஸ் நிறுவனம் ரிதம் அண்ட் ஹ்யூஸ். மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்தப் படம் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பெற்றது. விழாவுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னர்தான் நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது. அந்தத் துறையில் மொத்த விலைக்கு ஏலம் எடுப்பதே வழக்கம். காட்சி மாறினாலும் படப்பிடிப்பு தள்ளிப்போனாலும் சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒப்புக்கொண்ட தொகை ஏறாது. திருத்தத்துக்கு வரம்பில்லாத மொத்த விலை, ஜவுளிக்கடை விளம்பரத்தில் செய்வதையே ஹாலிவுட்டிலும் செய்தது.

ஜப்பானின் அனுபவம் இன்னும் நீண்டது. ஒசாமு தெசுகா 1963-இல் ‘அஸ்ட்ரோ பாய்’ தொடரைச் செலவை ஈடுகட்டாத விலைக்குத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தார் என்பதும், அதுவே பிறகு வந்த தொடர்களின் விலைக்கு அளவுகோலாகிவிட்டது என்பதும் அங்கே நெடுநாளாகப் பேசப்படும் குறை. தெசுகாவுக்குப் பொம்மை விற்பனையும் வெளிநாட்டு உரிமையும் இருந்தன. வரைந்தவர்களுக்குப் படத்துக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும். ஜப்பான் அனிமேஷன் படைப்பாளர் சங்கமான ஜானிகா 2015-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, பங்கேற்றவர்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 33 லட்சம் யென். முக்கிய அசைவுகளுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரைபவர்களுக்குச் சுமார் 11 லட்சம் யென்தான். எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறை எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது சான்று. ஒருவர் இறக்கிய விலை அவரோடு நிற்பதில்லை. அடுத்து வருபவரின் தொடக்க விலையாகிவிடுகிறது.

ஊர் விலையும் டாலர் விலையும்

‘அறந்தாங்கியில் வாடகை குறைவுதானே’ என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. வீட்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சென்னையைவிடக் குறைவு. கிராபிக்ஸ் கார்டு, மென்பொருள் சந்தா, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றின் விலை இரண்டு ஊரிலும் ஒன்றே. பழுது பார்க்கத் திருச்சிக்கோ மதுரைக்கோ போய் வரும் செலவு கூடுதல். மேற்கண்ட ஆண்டுக் கணக்கில் ஊரைப் பொறுத்து மாறுவது வீட்டுச் செலவு என்ற ஒரே வரி.

வெளிநாட்டு வேலைக்கு இணையத் தளங்கள் வழி. ஃபைவர் 2010-இல் ஐந்து டாலர் வேலைகளோடு தொடங்கிய தளம். செய்பவரின் வரவில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. 100 டாலருக்கு ஒப்புக்கொண்டால் 80 வரும். நாணய மாற்றில் இன்னும் கொஞ்சம் குறையும். கையில் 100 நிற்க வேண்டுமென்றால் 125 சொல்ல வேண்டும். ஐந்து நட்சத்திர மதிப்பீட்டுக்காக முதல் சில வேலைகளை மலிவாகச் செய்வது ஒரு உத்தி. அதற்கு எண்ணிக்கை வரம்பு வைத்துக்கொள்ளாவிட்டால் மலிவானவர் என்ற பெயரே நிலைத்துவிடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் ‘ஒரு நிமிஷத்துல ஏஐ பண்ணிடுமே’ என்பது புதிய பேரம். பின்னணி, மாதிரிப் படம் போன்ற சில வரிகளில் நேரம் உண்மையாகவே குறைகிறது. அந்த மணிகளை விலையில் குறைப்பதே நேர்மை. தமிழ் எழுத்து உடையாமல் வருவது, கடையின் அதே சேலை அதே நிறத்தில் வருவது, நான்காவது காட்சியிலும் சிறுவனின் முகம் மாறாமல் இருப்பது ஆகியவற்றுக்கு இன்னும் ஆள் உட்கார வேண்டும். பொறுப்பேற்கும் ஆளுக்குத்தான் அந்தக் கூலி.

வராத பாக்கியும் வரியும்

குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006 சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். தனியாள் அனிமேட்டர் ஆதாரைக் கொண்டு உத்யம் தளத்தில் பதிவு செய்யலாம். 2020 ஜூலை 1 முதல் நடக்கும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. வேலையை எடுக்கும் முன்பே பதிவு இருப்பது முக்கியம். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையை ஏற்றுக்கொண்ட 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. குறை இருந்தால் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டி, மாதம்தோறும் கூட்டுவட்டியாக. முறையீட்டை அரசின் இணையத் தளத்தில் பதியலாம். விசாரிக்கும் மன்றங்கள் தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கு இடங்களில் உள்ளன.

2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராதவர், அதைக் கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. முறையாகக் கணக்கெழுதும் பெரிய கடைகளிடம் மார்ச் மாதம் பாக்கி கேட்க இது நல்ல பிடி.

நிறுவனங்கள் பணம் தரும்போது வரி பிடித்துக்கொள்வது உண்டு. தொழில்முறைக் கட்டணமாக எழுதினால் 10 விழுக்காடு. ஒப்பந்த வேலையாக எழுதினால் தனியாளுக்கு 1 விழுக்காடு. பிடித்த தொகை வருமான வரித் தளத்தில் அவரவர் கணக்கில் தெரியும். கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரிக்கு மேல் உள்ளது திரும்ப வரும். அது வரும்வரை கையில் இருக்கும் பணம் குறைவு என்பதை விலை சொல்லும்போதே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்; பதிவு பெற்றவர் 18 விழுக்காட்டை விலைக்கு மேல் தனியாகக் காட்டி வாங்குவார். பதிவு பெறாதவர் அந்தப் பெயரில் எதையும் வாங்கக்கூடாது.

விலைப்பட்டியல் சாத்தியமா?

ஒரு வட்டாரத்தின் அனிமேட்டர்கள் கூடி ‘வினாடிக்கு இவ்வளவுக்குக் கீழே யாரும் செய்யக்கூடாது’ என்று தீர்மானம் போடுவது எளிய தீர்வாகத் தெரியும். முதலாளியிடம் தொழிலாளர் சங்கம் கூலி பேசுவது வேறு. தனித்தனியாகத் தொழில் செய்பவர்கள் ஒன்றுசேர்ந்து விலையை நிர்ணயிப்பது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் சிக்கக்கூடும். அமெரிக்காவிலும் இத்தகைய சட்டம் உண்டு. அதனால் அங்குள்ள கிராஃபிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்டு 1973 முதல் வெளியிட்டு வரும் விலைக் கையேட்டில் கட்டாய விலை எதுவும் இல்லை. தொழிலில் இருப்பவர்கள் சொன்ன விலைகள், குறைந்தது முதல் அதிகம் வரை வீச்சாகத் தரப்படுகின்றன. அவற்றோடு ஒப்பந்த மாதிரிகளும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் அனிமேஷன் கில்டு தன் உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் கூலிக் கணக்கெடுப்பு நடத்தி வெளியிடுகிறது.

தமிழ்நாட்டுக்குப் பொருந்துவதும் இந்த வழியே. எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது, எவ்வளவு வந்தது என்பதைப் பெயரில்லாமல் பகிர்ந்துகொண்டாலே புதிதாக வருபவருக்கு அளவுகோல் கிடைத்துவிடும். அதற்கு முதல் தேவை ஒவ்வொருவரும் தன் மணிக்கணக்கை எழுதி வைப்பது. சொன்ன நேரத்தையும் ஆன நேரத்தையும் பத்து வேலைக்கு ஒப்பிட்டால், எந்த வரியில் எப்போதும் குறைத்துச் சொல்கிறோம் என்பது தெரிந்துவிடும். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் ஆண்டுச் செலவைப் புதிதாகக் கூட்டி, அடிமட்டக் கூலியை மறுபடி வகுத்து, பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே புதிய விலையைத் தெரிவிப்பது முறை. அதற்கு முன் ஒப்புக்கொண்ட வேலைக்குப் பழைய விலை. பின்னர் வருவதற்குப் புதியது.